பண்ணை மீனுக்கு எதுக்கு வைட்டமின்? வளைந்த முதுகு சொல்லும் கதை

ஞாயிற்றுக்கிழமை காலை. மீன் மார்க்கெட்டில் கூட்டம். தட்டில் வரிசையாகக் கிடக்கும் கட்லாவில் ஒன்று மட்டும் நடுமுதுகில் மடங்கி, கோணலாக இருக்கிறது. "என்னண்ணா, இது ஏன் இப்படி வளைஞ்சிருக்கு?" என்று கேட்டால், "அது ஒண்ணுமில்ல தம்பி, நீ வேற எடுத்துக்கோ" என்று கடைக்காரர் அதைக் கையால் ஒதுக்கிவிடுவார்.

வீட்டுக்கு வருவதற்குள் ஃபேமிலி குரூப்பில் ஒரு ஃபார்வர்டு வந்து விழுந்திருக்கும்: "பண்ணை மீனுக்கெல்லாம் மருந்து கலந்து போடுறாங்க, சாப்பிடாதீங்க."

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சுவாரஸ்யமான விஷயம் இருக்கிறது. தீவனத்தில் 'ஏதோ கலப்பது' உண்மைதான். அதில் முக்கியமான ஒன்று வைட்டமின். அதைக் கலக்காமல் விட்டாலோ, கலந்தது வழியில் வீணாகிப் போனாலோ மீனின் முதுகு வளையலாம். அந்த நஷ்டம் கடைசியில் வந்து விழுவது, கடன் வாங்கிக் குளம் வெட்டிய விவசாயியின் தலையில்.

மீனுக்கும் ஸ்கர்வி வருமா?

வரும். பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம்: மாதக்கணக்கில் கடலில் இருந்த மாலுமிகளுக்குப் பழமும் காய்கறியும் கிடைக்காமல் ஈறு வீங்கி, ரத்தம் கசிந்து, பழைய காயங்கள் திரும்பப் பிளந்தன. வைட்டமின் சி இல்லாததால் வந்த நோய் அது. பெயர் ஸ்கர்வி.

ஆடு, நாய், எலிக்கெல்லாம் இந்தக் கவலை கிடையாது. அவற்றின் உடலே குளுக்கோஸிலிருந்து வைட்டமின் சி-யைத் தயாரித்துக்கொள்ளும். அந்தத் தயாரிப்பின் கடைசிக் கட்டத்துக்கு எல்-குலோனோலாக்டோன் ஆக்சிடேஸ் என்ற நொதி வேண்டும். பரிணாமப் பாதையில் மனிதர்கள் இந்த நொதியை இழந்துவிட்டோம். கினிப் பன்றியும் இழந்துவிட்டது. நாம் சாப்பிடும் பெரும்பாலான எலும்பு மீன்களுக்கும் இதே கதைதான். ஸ்டர்ஜன், நுரையீரல் மீன் போன்ற சில பழைய இனங்கள் மட்டும் இன்னும் சொந்தமாகத் தயாரிக்கின்றன.

சரி, இதற்கும் முதுகுக்கும் என்ன சம்பந்தம்? தோல், எலும்பு, குருத்தெலும்பு எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தும் புரதம் கொலாஜன். கொலாஜன் இழைகள் முறுக்கேறி உறுதியாவதற்கு வைட்டமின் சி தேவை. அது குறைந்தால் இழைகள் நொய்ந்துபோகும். வேகமாக வளரும் குஞ்சு மீனின் முதுகெலும்பு, அதன் சொந்தத் தசையின் இழுவையையே தாங்காமல் பக்கவாட்டிலோ மேலும் கீழுமோ வளையும். செவுள் குருத்தெலும்பு உருக்குலையும். காயம் ஆறாது. நோய் எதிர்ப்பு குறையும்.

அமெரிக்காவில் கெளுத்தி வளர்ப்பு சூடு பிடித்த காலத்தில் விவசாயிகள் இதை நேரில் பார்த்தார்கள். அலபாமாவில் உள்ள ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் லவெல், 1973-இல் வெளியிட்ட ஆய்வில், கூண்டில் நெருக்கமாக வளர்க்கப்படும் சேனல் கெளுத்திக்குத் தீவனத்தில் வைட்டமின் சி கட்டாயம் என்று காட்டினார். அதற்கு முன்பே, 1969-இல், ஜான் ஹால்வர் குழு சால்மனுக்கும் டிரவுட்டுக்கும் எவ்வளவு தேவை என்பதை ஆராய்ந்திருந்தது. 1979, 1980-இல் இந்திய ஆய்வாளர்களும் விரால் குடும்ப மீன் ஒன்றிலும் மிர்காலிலும் இந்தக் குறைபாட்டைப் பதிவு செய்தார்கள்.

அப்போ ஆத்து மீனுக்கு யார் வைட்டமின் குடுத்தா?

நியாயமான கேள்வி. பதில்: தண்ணீர்.

ஆறு, ஏரி, நல்ல குளம் எதுவானாலும் தண்ணீர் பச்சையாக இருப்பதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத பாசிகள். அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்கள், புழுக்கள், பூச்சிகள் என்று ஒரு முழு விருந்தே தண்ணீருக்குள் இருக்கிறது. மீனுக்கு வேண்டிய வைட்டமின்கள் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

ஆந்திராவின் பெரிய கெண்டைக் குளங்களில் காலங்காலமாக என்ன செய்கிறார்கள்? எண்ணெய் நீக்கிய தவிட்டையும் புண்ணாக்கையும் துளை போட்ட சாக்கில் நிரப்பிக் கம்பில் கட்டித் தொங்கவிடுவார்கள். கட்லாவும் ரோகுவும் வந்து முட்டி முட்டித் தின்னும். அந்தத் தீவனத்தில் வைட்டமின் சி என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. இருந்தும் மீன் நன்றாக வளர்கிறது. மீதியைக் குளத்துப் பாசியும் நுண்ணுயிர்களும் பார்த்துக்கொள்கின்றன.

சிக்கல் ஆரம்பிப்பது, அந்தக் குளத்தை எடுத்துவிட்டு மீனை மட்டும் வளர்க்கும்போதுதான். நீர்த்தேக்கத்தில் கூண்டு போட்டு ஆயிரக்கணக்கில் பங்கஸ் வளர்த்தால், தலா ஒரு மீனுக்குக் கிடைக்கும் இயற்கை உணவு ஏறக்குறைய பூஜ்ஜியம். சுத்தமான மறுசுழற்சித் தண்ணீர்த் தொட்டியில் பாசியே இருக்காது. யூடியூப் பார்த்து மொட்டை மாடியிலும் கொல்லைப்புறத்திலும் பலர் தொடங்கும் பயோஃபிளாக் தொட்டியில் நுண்ணுயிர்த் திரள் கொஞ்சம் ஊட்டம் தரும். ஆனால் அதை மட்டும் நம்பி முழுச் சாப்பாட்டை நிறுத்த முடியாது.

ஹாஸ்டலில் தங்கியிருப்பவருக்கு மெஸ்ஸில் போடுவதுதான் சாப்பாடு. வெளியே போய் ஒரு கொய்யாப்பழம்கூட வாங்க முடியாது என்றால் எப்படி இருக்கும்? கூண்டு மீனின் நிலைமை அதுதான். அதனால் அந்தத் தீவனம் 'முழுமையான சாப்பாடு' ஆக இருந்தே தீர வேண்டும்.

மொத்தம் எத்தனை வைட்டமின்?

மீன் ஊட்டச்சத்துப் பாடத்தில் வழக்கமாக 15 என்று கணக்கு வைப்பார்கள். கொழுப்பில் கரையும் ஏ, டி, ஈ, கே நான்கு. பி வகை எட்டு. பிறகு வைட்டமின் சி, கோலின், இனோசிட்டால். எல்லா மீனுக்கும் எல்லாமும் ஒரே அளவில் தேவைப்படாது. குறைந்தால் தெரியும் அறிகுறிகளில் சில:

• வைட்டமின் சி: வளைந்த முதுகு, ஆறாத காயம்
• வைட்டமின் ஈ: தசை மெலிவு
• வைட்டமின் கே: ரத்தம் உறைவதில் தாமதம்
• பேன்டோதெனிக் அமிலம்: செவுள் இழைகள் தடித்து ஒட்டிக்கொள்வது, மூச்சுத் திணறல்
• பி6: வலிப்பு, தாறுமாறான நீச்சல்
• ஃபோலிக் அமிலம்: ரத்தசோகை
• கோலின்: ஈரலில் கொழுப்பு சேர்வது

இதில் ஒரு தொல்லை உண்டு. பெரும்பாலான குறைபாடுகள் முதலில் இப்படிப் பளிச்சென்று தெரியாது. மீன் கொஞ்சம் மந்தமாக இருக்கும், தீவனம் எடுப்பது குறையும், எடை ஏறாது. "தண்ணி சரியில்ல போல" என்று விவசாயி நினைத்துக்கொள்வார். முதுகு வளைவது தெரியும்போது ரொம்ப லேட். வளைந்த எலும்பு, பிறகு வைட்டமின் கொடுத்தாலும் நிமிராது.

எவ்வளவு வேண்டும்? ஒரு சின்னக் கணக்கு

அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 1993-இல் வெளியிட்ட கையேட்டில், திலாப்பியாவுக்குக் கிலோ தீவனத்துக்கு 50 மில்லிகிராம் வைட்டமின் சி என்று இருக்கிறது. திலாப்பியா என்றால் நம்மூர் ஜிலேபி மீன்.

ஒரு கிலோ மீன் வளர 1.5 கிலோ தீவனம் செலவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் அந்த ஒரு கிலோ மீனுக்கு மொத்த வாழ்நாளுக்கும் தேவை 75 மில்லிகிராம். ஒரு ஆணுக்கு ஒரு நாளைக்கு 80 மில்லிகிராம் வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆர். மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருப்பது, கணக்குப்படி ஆறு கிலோ மீனுக்கு மேலேயே போதும்.

இவ்வளவு கொஞ்சம்தானா! பிறகு ஏன் குறைபாடு வருகிறது?

மில்லில் தொடங்கும் இழப்பு

மிதக்கும் தீவன உருண்டையைப் பார்த்திருப்பீர்கள். அது மிதப்பதற்குக் காரணம் உள்ளே இருக்கும் காற்றுப் பைகள். அரைத்த மாவை 100 டிகிரி செல்சியஸுக்கும் மேலான சூட்டில், அழுத்தத்தில் வைத்து, சிறு துளை வழியாகத் தள்ளுவார்கள். வெளியே வந்ததும் பொரி மாதிரி உப்பிக்கொள்ளும்.

சாதாரண வைட்டமின் சி-க்கு இந்தச் சூடு எமன். சூடு, ஈரம், காற்று, கூடவே தீவனத்தில் இருக்கும் இரும்பு, செம்பு போன்ற உலோகங்கள் எல்லாம் சேர்ந்தால் அதன் பெரும்பகுதி மில்லிலேயே அழிந்துவிடும். மிச்சமும் கிடங்கில் வாரக்கணக்கில் கரையும். கடைசியில் தண்ணீரில் போட்டதும், மீன் வாய் வைப்பதற்குள் கொஞ்சம் கசிந்து போகும்.

முன்பெல்லாம் இதற்கு ஒரே வழி, தேவையைவிடப் பல மடங்கு கூடுதலாகக் கொட்டுவது. பிறகு வேதியியல் ஒரு தீர்வு கொடுத்தது. வைட்டமின் சி மூலக்கூறில் எளிதில் கெட்டுப்போகும் இடத்தில் ஒரு பாஸ்பேட்டை 'மூடி' மாதிரி மாட்டிவிட்டார்கள். மூடி இருக்கும்வரை சூடோ காற்றோ அதை எளிதில் தொட முடியாது. மீனின் குடலுக்குள் போனதும் அங்குள்ள பாஸ்படேஸ் என்ற நொதி மூடியைக் கழற்றிவிடும். வைட்டமின் சி ரெடி.

இது எங்கேயோ கேள்விப்பட்ட மாதிரி இருக்கிறதா? உங்கள் அலமாரியில் வைட்டமின் சி ஃபேஸ் சீரம் இருந்தால் அதன் லேபிளைப் பாருங்கள். 'சோடியம் அஸ்கார்பைல் பாஸ்பேட்' என்று சிலவற்றில் இருக்கும். அதே தந்திரம்தான். பாட்டிலில் கெட்டுப்போகாமல் இருக்க அங்கே, தீவனத்தில் கெட்டுப்போகாமல் இருக்க இங்கே.

மூட்டை எங்கே இருக்கிறது?

நல்ல கம்பெனி, நல்ல வைட்டமின், நல்ல மில். எல்லாம் சரியாக இருந்தாலும் கடைசி மைலில் எல்லாமே போகலாம்.

தகரக் கூரை போட்ட கொட்டகை. மே மாத வெயில். சிமென்ட் தரையில் நேராக அடுக்கிய மூட்டைகள், அடியில் ஈரம். ஆஃபரில் மொத்தமாக வாங்கிப் போட்டதால் நாலைந்து மாதமாக அப்படியே கிடக்கிறது. இந்தத் தீவனத்தில் லேபிளில் போட்டிருக்கும் வைட்டமின் இன்னும் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பார்த்தால் தீவனம் நன்றாகத்தான் இருக்கும். மீனும் தின்னும். வயிறு நிறையும், சத்து சேராது.

தீவனத்தில் உள்ள எண்ணெய் சிக்கு பிடித்தால் விஷயம் இன்னும் மோசம். ஜப்பானில் பட்டு நூல் எடுத்த பிறகு மிஞ்சும் கூட்டுப்புழுக்களைக் கெண்டைக்குத் தீவனமாகப் போட்டார்கள். புரதமும் கொழுப்பும் நிறைந்த பொருள்தான். ஆனால் பழையதாகி எண்ணெய் கெட்ட புழுவைத் தின்ற மீன்களுக்கு முதுகுச் சதை கரைந்து, கத்தி முனை மாதிரி ஒடுங்கிப் போனது. 'செக்கோக்கே' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். கெட்ட எண்ணெய் உடலில் உள்ள வைட்டமின் ஈ-யைத் தின்று தீர்த்துவிடுகிறது என்பதும், தீவனத்தில் வைட்டமின் ஈ சேர்த்தால் இந்த நோயைத் தடுக்கலாம் என்பதும் ஆய்வில் தெரியவந்தது.

"ஃப்ரெஷ் மீன் போடுறேன், அதுல இல்லாத சத்தா?"

கொடுவா, விரால் மாதிரி வேட்டை மீன் வளர்ப்பவர்கள் சிலர் இப்படிக் கேட்பார்கள். மலிவாகக் கிடைக்கும் பொடி மீனை அப்படியே வெட்டிப் போடுவது பழைய வழக்கம்.

இங்கே ஒரு எதிர்பாராத வில்லன் இருக்கிறான். நெத்திலி, ஹெர்ரிங், கெண்டைக் குடும்பங்களைச் சேர்ந்த பல மீன்களின் பச்சை உடலில் தயாமினேஸ் என்ற நொதி உண்டு. வைட்டமின் பி1-ஐ அது உடைத்துவிடும். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1930-களில் ஒரு நரிப் பண்ணையில், பச்சை மீன் கொடுத்து வளர்த்த நரிகள் கால் இழுத்து, முடங்கிச் செத்தன. காரணம் தேடிப் போனபோது கிடைத்ததுதான் இந்த நொதி. மீனைத் தின்னும் மீனுக்கும் இதே ஆபத்து.

நாம் பயப்பட வேண்டுமா? வேண்டாம். வேகவைத்தால் அந்த நொதி செயலிழந்துவிடும். குழம்பு வைத்துச் சாப்பிடும் நமக்குப் பிரச்சினை இல்லை. நாள் முழுக்கப் பச்சை மீனையே தின்னும் விலங்குக்குத்தான் சிக்கல்.

அப்போ அள்ளிப் போட்டா நல்லதுதானே?

இல்லை. தண்ணீரில் கரையும் பி, சி வகைகள் கூடினால் பெரும்பாலும் வெளியேறிவிடும். காசுதான் தண்ணீரில் போகும், தண்ணீரும் கெடும். ஆனால் கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் ஈரலில் சேர்ந்துகொண்டே போகும். முக்கியமாக வைட்டமின் ஏ. அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ, மீன் குஞ்சுகளில் எலும்பு உருக்குலைவை உண்டாக்கும் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. குறைந்தாலும் கோணல், கூடினாலும் கோணல்!

அதேபோல, முதுகு வளைந்த மீனைப் பார்த்ததும் "வைட்டமின் குறைபாடு" என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. பாஸ்பரஸ் குறைவு, சில அமினோ அமிலங்களின் குறைவு, நெருங்கிய உறவுக்குள் இனப்பெருக்கம் செய்த குஞ்சு, பூச்சிமருந்து கலந்த தண்ணீர், தொற்றுநோய் என்று பல காரணங்கள் இருக்கலாம். ஒரு குளத்தில் ஒன்றிரண்டு கோணல் மீன் சகஜம். வலை போட்டால் பத்துக்கு ஒன்று அப்படி வந்தால்தான் தீவனத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

நம்ம தட்டுக்கு வருவோம்

*பண்ணை மீனுக்கு ஊசி போடுகிறார்களா?* நாம் சாப்பிடும் மீனை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி போட்டுக் கொழுக்க வைப்பதெல்லாம் கட்டுப்படியாகாது. இந்த வதந்தியின் வேர் வேறு இடத்தில் இருக்கலாம். குஞ்சுப் பொரிப்பகத்தில், முட்டையிட வைப்பதற்காகத் தாய் மீனுக்கும் தந்தை மீனுக்கும் ஹார்மோன் ஊசி போடுவது உண்மை. 1957 ஜூலை 10 அன்று ஹிராலால் சௌத்ரியும் அவருடைய சகாக்களும் இந்தியப் பெருங்கெண்டைகளில் இதைச் சாதித்தார்கள். அந்த நாளைத்தான் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறோம்.

*வைட்டமினும் ஆன்டிபயாட்டிக்கும் ஒன்றா?* இல்லவே இல்லை. இரண்டையும் 'மருந்து' என்று ஒரே சொல்லில் அடக்குவதால்தான் குழப்பம். வைட்டமின் என்பது மீனின் சாப்பாட்டில் இருந்தே ஆக வேண்டிய சத்து. ஆன்டிபயாட்டிக்கைக் கண்டபடி பயன்படுத்துவது வேறு பிரச்சினை. அதற்குத் தனியாகத் தடைகளும் வரம்புகளும் இருக்கின்றன. அந்தக் கவலை நியாயமானது. அதை வைட்டமின் மேல் ஏற்றிவிடக் கூடாது.

*தீவன வைட்டமின் நமக்கும் வருமா?* வைட்டமின் சி-யை மறந்துவிடுங்கள். மீனிலிருந்து நமக்குக் கிடைப்பது சொற்பம், அடுப்பில் அதுவும் போய்விடும். ஆனால் கொழுப்பில் கரையும் வைட்டமின்களில், மீன் என்ன தின்றது என்பது நம் தட்டு வரைக்கும் வரும். 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பண்ணை சால்மனில் இருந்த வைட்டமின் டி, கடலில் பிடித்த சால்மனில் இருந்ததில் சுமார் கால் பங்குதான். மீன் இனம் ஒன்று என்பதாலேயே சத்தும் ஒன்று என்று சொல்ல முடியாது.

*வளைந்த மீனைச் சாப்பிடலாமா?* வைட்டமின் குறைபாடு தொற்றிக்கொள்ளும் நோய் அல்ல. கோணல் ஒன்றே விஷமும் அல்ல. ஆனால் காரணம் என்னவென்று பார்த்தவுடன் சொல்ல முடியாது. உடலில் புண், ரத்தத் திட்டு, கெட்ட வாடை இருந்தால் யோசிக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

மீன் வளர்க்கும் ஐடியா இருக்கா?

வேலையை விட்டுவிட்டோ, வேலையோடு சேர்த்தோ மீன் வளர்க்கலாம் என்று யோசிப்பவர்கள் நிறையப் பேர். மீன் வளர்ப்பில் பாதிக்கும் மேல் செலவு தீவனத்துக்குத்தான் போகும். அந்தப் பணம் வீணாகாமல் இருக்கச் சில விஷயங்கள்:

• மூட்டையில் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். முடிந்தவரை மூன்று மாதத்துக்குள் தீருகிற அளவுக்கு மட்டும் வாங்குங்கள்.
• தரையில் போடாமல் மரச்சட்டத்தின் மேல், சுவரை ஒட்டாமல் அடுக்குங்கள். வெயில் படாத, காற்றோட்டமான இடம் வேண்டும்.
• முதலில் வந்த மூட்டையை முதலில் பிரியுங்கள். பூஞ்சை பிடித்தது, சிக்கு வாடை அடிப்பது எதுவானாலும் "காசாச்சே" என்று பார்க்காதீர்கள், போட வேண்டாம்.
• எந்த மீனுக்கு என்று போட்டிருக்கிறதோ அதற்கே வாங்குங்கள். கோழித் தீவனம் மலிவு என்று போட்டால், அது கோழியின் கணக்கு. கோழி தன் உடலிலேயே வைட்டமின் சி தயாரித்துக்கொள்ளும். மீன் அப்படி இல்லை.
• மேலே தடவும் வைட்டமின் பொடி வாங்கினால், ஒட்டுவதற்கான பசையோடு கலந்து நிழலில் உலர்த்தி அன்றைக்கே போடுங்கள்.
• மாதம் ஒரு தடவையாவது வலை போட்டுப் பத்து, இருபது மீனைக் கையில் எடுத்துப் பாருங்கள். முதுகு, செவுள், துடுப்பு, எடை. சந்தேகம் வந்தால் அருகில் உள்ள மீன்வளத் துறை அலுவலகத்திலோ மீன்வளப் பல்கலைக்கழகத்திலோ காட்டுங்கள்.

குளம் இயற்கையாகக் கொடுத்ததைத் தொட்டியில் நாம்தான் கொடுத்தாக வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டில் ஒரு கோணல் மீனைப் பார்த்தால், அதன் பின்னால் எங்கோ ஒரு கொட்டகையில் வெயிலில் காய்ந்த ஒரு தீவன மூட்டை இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஃபேமிலி குரூப்பில் அந்த ஃபார்வர்டு மறுபடி வந்தால், பதிலாக அனுப்பவும் இப்போது உங்களிடம் விஷயம் இருக்கிறது.